தனியா ஓட்ட நல்ல வண்டி

இது நடந்தது. அதுவும் பட்டப்பகலில் நடந்தது. பேய்க் கதை என்றால் அமாவாசையும் ஆந்தையும் வேண்டும் என்கிறவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். இதில் சாரல் வரும், செயின் வரும், ஒரு பத்தாம் நம்பர் ஸ்பேனர் வரும், அவ்வளவுதான். ஆனால் இதைப் படித்த பிறகு, பைக்கில் பின்னால் இருப்பவரிடம் முகத்தைத் திருப்பாமல் பேசிக்கொண்டே போக உங்களுக்குத் தைரியம் வருகிறதா என்று பாருங்கள்.

பிரின்ஸ் தென்காசியில் செல்போன் கவரும் சார்ஜரும் விற்கிற கடை வைத்திருக்கிறான். இன்றைக்கும் கடை திறந்துதான் இருக்கிறது. போய் இதைப் பற்றிக் கேட்டால், உங்களுக்கு என்ன சார்ஜர் வேண்டும் என்று பேச்சை மாற்றிவிடுவான்.

அவனுக்கு ஒரு வியாதி உண்டு. எதையும் கழற்றி மாட்டாமல் இருக்க முடியாது. மிக்சி, ஃபேன், மாமியார் வீட்டுத் தண்ணீர் மோட்டார் என்று ஒன்றையும் விட்டதில்லை. பைக்கை மெக்கானிக் தொட்டால் தன் சாப்பாட்டுத் தட்டில் அடுத்தவன் கை வைத்த மாதிரி முகம் மாறிவிடும். யூட்யூபில் வீடியோ பார்த்து, வாசலில் சாக்கை விரித்து, ஆயில் மாற்றுவது முதல் பிரேக் ஷூ மாற்றுவது வரை எல்லாம் அவனே செய்வான். பெரும்பாலும் சரியாகத்தான் செய்வான். கடைசியில் ஒன்றிரண்டு நட்டு மிஞ்சும்.

அந்த மிஞ்சுகிற நட்டுகளைப் பார்த்துத்தான் அவன் மனைவி ஷாரோனுக்குப் பயம். அவள் இலஞ்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். தினமும் பஸ்ஸில் போய் வருவாள். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் அவன் ஓட்டும் வண்டியில் ஒருநாள்கூட ஏறியதில்லை. நட்டு மிஞ்சின வண்டியில் ஏற நான் என்ன கிறுக்கச்சியா என்று கேட்பாள். கடைக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பெஞ்சமின் வேறு, பொண்டாட்டியே ஏறாத வண்டிக்கு எதுக்குலே இவ்வளவு பாலிஷ் என்று தினமும் வாரிக்கொண்டிருப்பான். பிரின்ஸ் சிரித்துவைப்பான். உள்ளுக்குள் வலிக்கும். ஷாரோன் பின்னால் உட்கார்ந்து, அவன் தோளில் கை வைத்து, ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வீடு வரை வர வேண்டும். உலகத்தில் அவனுக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான்.

அதற்காகவே பழைய வண்டியைத் தள்ளிவிட்டு வேறு வண்டி தேடினான். போன வருஷம் குற்றாலச் சீசன் ஆரம்பித்த சமயம், இலஞ்சியில் பரமேஸ்வரன் என்பவர் வீட்டில் ஒரு வண்டி நிற்பதாகக் கேள்விப்பட்டுப் போனான். வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் நின்றது. எஞ்சின் சத்தம் அருமை. டேங்கில் ஒரு கீறல் இல்லை. ஒரே ஒரு குறை. பின்னால் உட்காருகிறவர் கால் வைக்க எதுவுமே இல்லை. வலதுபக்கம் கால் வைக்கிற கம்பி இல்லை. இடதுபக்கம் சேலை சக்கரத்தில் மாட்டாமல் தடுக்கிற சாரி கார்டும் இல்லை, அதோடு வரும் லேடீஸ் ஃபுட்ரெஸ்ட்டும் இல்லை. போல்ட் மாட்டுகிற ஓட்டைகளைக்கூட விடவில்லை. ஒவ்வொன்றிலும், கல்லாக இறுகுகிற எம்சீல் பசையை அப்பி, மேலே கறுப்பு பெயின்ட் அடித்திருந்தது.

ஏன் அண்ணாச்சி இப்படி என்று கேட்டான்.  பரமேஸ்வரன் பிரின்ஸைப் பார்க்கவில்லை. வண்டியின் பின் சீட்டைப் பார்த்தார்.

"தனியா ஓட்ட நல்ல வண்டி தம்பி" என்றார்.

வேறொருவன் என்றால் அப்படியே ஓட்டிக்கொண்டு போயிருப்பான். ஆனால் கம்பெனி வைத்த சாமான் ஒன்று இல்லை என்றால் பிரின்ஸுக்குத் தூக்கம் வராது. மறுநாளே காயலான் கடையில் அதே மாடலின் சாரி கார்டையும் வலதுபக்கக் கம்பியையும் தேடிப் பிடித்தான். வாசலில் சாக்கை விரித்தான். ஸ்க்ரூ டிரைவரால் எம்சீலைக் குத்திக் குத்திப் பெயர்த்தான். லேசில் வரவில்லை. விரல் தோல் உரிந்தது. யாரோ இவ்வளவு மெனக்கெட்டு அடைத்திருக்கிறார்களே, எதற்கு என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்து இரண்டையும் மாட்டி, ஃபுட்ரெஸ்ட்டை மடக்கி விரித்துப் பார்த்தான்.

டொக்.

நல்ல கெட்டியான சத்தம். இந்த முறை ஒரு நட்டுகூட மிஞ்சவில்லை. ஷாரோனைக் கூப்பிட்டுக் காட்டினான். பாப்போம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவளைப் பொறுத்தவரை அதுவே பாதிச் சம்மதம்.

முதலில் செயின்தான் சரியில்லாமல் போனது. பைக் செயினை விரலால் தூக்கினால் ஒரு அங்குலமாவது ஆட வேண்டும். ஆள் ஏறினால் அது இறுகும், இறங்கினால் பழையபடி தளரும். சனிக்கிழமை சாயங்காலம் அளந்து சரியாக வைத்தான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகுமுன் தொட்டுப் பார்த்தால் கம்பி மாதிரி விறைத்து நின்றது. வண்டியில் யாரும் இல்லை. சும்மா ஸ்டாண்டில் நிற்கிறது. மறுபடி தளர்த்தினான். மறுபடி இறுகியது. செயின் பழசு என்று புதுசு மாட்டினான். அதுவும் அப்படியே.

அடுத்தது ஃபுட்ரெஸ்ட். சாயங்காலம் மடக்கிவிட்டுப் போவான். காலையில் விரிந்திருக்கும். ஸ்பிரிங் போயிருக்கும் என்று ஸ்பிரிங் மாற்றினான். மறுநாளும் விரிந்திருந்தது. மிதிக்கிற ரப்பரின் நடுவில் மட்டும் தூசி இல்லை.

பெட்ரோல் சீக்கிரம் தீர்ந்தது. காற்றடிக்கிற இடத்தில், பின் டயருக்கு அவன் சொன்னதைவிடக் கூடுதலாக வைத்துவிட்டார்கள். கேட்டதற்கு, பின்னால ஆள் உண்டுல்லா அண்ணாச்சி என்றான் காற்றடிக்கிற பையன். சாரி கார்டைப் பார்த்துச் சொல்லியிருப்பான் என்று பிரின்ஸ் நினைத்துக்கொண்டான்.

ஒரு மத்தியானம் கடைக்கு முன்னால் வண்டி சாரலில் நின்றது. மேலே மரம் இல்லை, கூரை இல்லை. டீ குடிக்கப் போகலாம் என்று வெளியே வந்த பெஞ்சமின் வண்டியைப் பார்த்துவிட்டு நின்றான்.

"பின் சீட்டுக்கு மட்டும் குடை பிடிச்சியாலே?"

முன் சீட்டில் தண்ணீர் தேங்கியிருந்தது. டேங்கில் சொட்டுச் சொட்டாக வழிந்தது. பின் சீட்டு காய்ந்திருந்தது. பிரின்ஸ் தொட்டுப் பார்த்தான். கொஞ்சம் சூடாகக்கூட இருந்தது.

காற்று அந்தப் பக்கமிருந்து அடித்திருக்கும் என்றான். எல்லாவற்றுக்கும் அவனிடம் ஒரு காரணம் இருந்தது. ஆனாலும் ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. கடையில் வியாபாரத்துக்கு நடுவே எழுந்துபோய்ச் செயினைத் தொட்டுப் பார்ப்பான். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எச்சில் கையோடு வாசலுக்குப் போய் ஃபுட்ரெஸ்ட்டைப் பார்ப்பான். புது வண்டி வந்ததிலிருந்து நீங்க வீட்டிலேயே இல்ல என்றாள் ஷாரோன். அவன் வீட்டில்தான் இருந்தான்.

ஜூலையில் சாரல் பிடித்துக்கொண்டது. குற்றாலத்தில் கூட்டமென்றால் கூட்டம். அங்கிருந்து வருகிற பஸ் எல்லாம் பிதுங்கிக்கொண்டு வந்தது. அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலே முக்காலுக்கு ஷாரோன் போன் செய்தாள். மூன்று பஸ் நிற்காமல் போய்விட்டது, ஆட்டோவும் கிடைக்கவில்லை.

"வாரீங்களா?" என்றாள்.

பிரின்ஸ் கடையைப் பெஞ்சமினைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு பறந்தான்.  பள்ளிக்கூட வாசலில் ஷாரோன் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு நின்றாள். வண்டியைச் சுற்றி வந்து பார்த்தாள். நட்டு எல்லாம் மாட்டியாச்சா என்று கேட்டாள். பிறகு பக்கவாட்டில் ஏறி உட்கார்ந்து, ஃபுட்ரெஸ்ட்டில் கால் வைத்து, அவன் தோளில் கை வைத்தாள். மூன்று வருஷம் அவன் காத்திருந்த கை.

ஆனால் வண்டி இறங்கவில்லை.

ஆள் ஏறினால் பின்பக்கம் ஒரு அங்குலமாவது அமுங்கும். அமுங்கவில்லை. ஏற்கனவே அமுங்கித்தான் இருந்தது.

"இங்கன இடமே இல்லையே. கொஞ்சம் முன்னால தள்ளுங்க" என்றாள் ஷாரோன்.

அவன் ஏற்கனவே டேங்கை ஒட்டித்தான் உட்கார்ந்திருந்தான். இன்னும் நெருக்கி உட்கார்ந்துகொண்டு கிளம்பினான்.

பள்ளிக்கூடத்தைத் தாண்டினால் தென்னந்தோப்பு. அதைத் தாண்டி வாய்க்கால் மேல் ஒரு சின்னப் பாலம், பாலத்துக்கு முன்னால் ஒரு வேகத்தடை. முதல் தடவையாக ஏற்றி வருகிறோம், குலுங்கக் கூடாது என்று கியரைக் குறைத்து மெல்ல ஏற்றி இறக்கினான்.

டொக்.

தோளில் இருந்த கை நழுவியது. அடுத்த நொடி இடுப்பைப் பிடித்தது. பயந்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்தான். இடுப்பைப் பிடித்தது அவனுக்கு இன்னும் பிடித்திருந்தது. கை சில்லென்று இருந்தது. சாரலில் நனைந்த கை சில்லென்றுதான் இருக்கும்.

வண்டி எப்படிப் போகுது என்று கேட்டான்.

"ம்."

செயின் சத்தம் கேக்குதா என்றான்.

"ம்."

ஷாரோன் ஒன்று கேட்டால் ஒன்பது பேசுகிறவள். இன்றைக்கு ம் மட்டும்தான். களைப்பாக இருக்கும். எதிரே ஒரு ஆட்டோ வந்தது. அதன் டிரைவர் இவர்களைப் பார்த்துக்கொண்டே போனான். இரண்டு பக்கமும் வயல். ஹெல்மெட் கண்ணாடியில் தண்ணீர். பின்னால் பார்க்கிற கண்ணாடியிலும் தண்ணீர். அதில் சேலை நிறம்கூடத் தெரியவில்லை. மழைக்கோட்டுக்குள் எங்கேயோ போன் அதிர்ந்தது... நின்றது... மறுபடி அதிர்ந்தது. கடையிலிருந்து பெஞ்சமினாக இருக்கும் என்று விட்டுவிட்டான்.

மனசு நிறைந்திருந்தது. நிறைந்தால் வாய் சும்மா இருக்குமா.

"இனி பஸ்ஸுக்கு நிக்க வேண்டாம் என்ன? தினமும் நான் வாரேன்."

"ம்."

"எப்பவும் எம் பின்னாலதான் உக்காரணும்."

"ம்."

"இறங்கவே வேண்டாம் நீ."

உடனே பதில் வரவில்லை.

வண்டி கொஞ்ச தூரம் போனது. இடுப்பில் இருந்த கை இறுகியது. பிறகு, ஹெல்மெட்டுக்குள், காதுக்குப் பக்கத்தில்...

"ம்."

 ஹெல்மெட்டுக்குள் எப்படிக் கேட்டது?

காரணம் தேடினான். கிடைக்கவில்லை.

அதற்குமேல் பேசவில்லை. தெருவுக்குள் திரும்பினான். வீட்டு கேட்டுக்கு முன்னால் நிறுத்தினான்.

"இறங்கு" என்றான்.

இடுப்பிலிருந்து கை எடுபட்டது.

டொக்.

வண்டியின் பின்பக்கம் மெல்ல மேலே எழும்பியது.

கேட்டைத் திறக்கத் திரும்பினான்.

யாரும் இல்லை.

தெரு முழுக்கப் பார்த்தான். பக்கத்து வீட்டுக்குள் போயிருப்பாளோ. வண்டிக்குப் பக்கத்தில் ஈர மண்ணில் ஒரு காலடித் தடம்கூட இல்லை. ஃபுட்ரெஸ்ட் விரிந்திருந்தது. ஆடிக்கொண்டிருந்தது.

மழைக்கோட்டுக்குள் போன் மறுபடி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தான்.

ஷாரோன்.

"ஏங்க, கூப்பிடக் கூப்பிடத் திரும்பிக்கூடப் பாக்காம போறீங்களே. நான் இங்கன விழுந்து கிடக்கேன்" என்று அழுதாள்.

"எங்கன?"

"அந்தப் பாலத்துல. பள்ளிக்கூடத்தத் தாண்டுன உடனே."

 சாவி வண்டியிலேயே இருந்தது. அந்த வண்டியில் மறுபடி ஏற முடியவில்லை. அப்படியே போட்டுவிட்டு மெயின் ரோட்டுக்கு ஓடினான்.

அவன் போவதற்குள் ஷாரோனே ஆட்டோவில் வந்துகொண்டிருந்தாள். மணிக்கட்டு எலும்பில் விரிசல் விட்டிருந்தது, முழங்கையில் சிராய்ப்பு. வண்டி மெல்லப் போனதால் அதோடு போயிற்று. ஆட்டோ ஓட்டி வந்தது காஜா. எதிரே வந்தானே, அதே டிரைவர். ஆஸ்பத்திரி வாசலில் ஷாரோனை உள்ளே அனுப்பிவிட்டு, பிரின்ஸைத் தனியாகக் கூப்பிட்டான்.

"அக்கா பாலத்துல உக்காந்து, எம் புருஷன் விட்டுட்டுப் போய்ட்டாருன்னு வண்டி நிறம் எல்லாம் சொன்னாங்க. நான் முதல்ல நம்பல அண்ணாச்சி."

ஏன் என்று கேட்டான் பிரின்ஸ்.

"உங்க வண்டி எனக்கு எதிர்லதான வந்துச்சு. உங்க பின்னால ஒரு பொம்பள இருந்தாங்களே."

மாவுக்கட்டுப் போட்டு வீட்டுக்கு வந்த பிறகு, எப்படி விழுந்தாய் என்று ஷாரோனிடம் மெதுவாகக் கேட்டான்.  நான் விழலங்க என்றாள். யாரோ இடுப்பில் கை கொடுத்துத் தூக்கி, கீழே வைத்துவிட்ட மாதிரி இருந்தது என்றாள்.

மறுநாள் காலையிலேயே பிரின்ஸ் பஸ் ஏறி இலஞ்சிக்குப் போனான். பரமேஸ்வரன் தோட்டத்தில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார்.  பிரின்ஸ் வாயைத் திறக்குமுன்பே, முகத்தைப் பார்த்ததும் கையிலிருந்த தேங்காயைக் கீழே போட்டார்.

"மாட்டிட்டீங்களா தம்பி?"

பிரின்ஸ் எல்லாவற்றையும் சொன்னான். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். உங்க வீட்டம்மா உசுரோட இருக்காங்கல்லா என்று மட்டும் இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். பிறகு அவர் கதையைச் சொன்னார். அவர் மனைவி மீனா. இரண்டு வருஷத்துக்கு முன்னால், வீரகேரளம்புதூரில் இருக்கும் மாமனார் வீட்டிலிருந்து இருவரும் இதே வண்டியில் வந்திருக்கிறார்கள். நல்ல வேகம். வழி முழுக்க அவர் பேசிக்கொண்டே வந்தார், பின்னாலிருந்து ம் கேட்டுக்கொண்டே வந்தது. வீட்டு வாசலில் வந்து இறங்கு என்றார். திரும்பினால் ஆள் இல்லை. மீனா வீரகேரளம்புதூரைத் தாண்டின உடனேயே விழுந்திருந்தாள். ஆட்கள் பார்த்துத் தூக்கும்போது மூச்சு இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் போய்விட்டாள்.

அந்தப் பாலத்தில்தான் ஏதோ இருக்கிறது என்று வழி முழுக்கத் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு வந்திருந்தான் பிரின்ஸ். அதுவும் இல்லை என்றாகிவிட்டது. அப்படியென்றால் மீனா அக்காதான் வண்டியில் இருக்கிறார்களா என்று தயங்கித் தயங்கிக் கேட்டான்.

பரமேஸ்வரன் நிமிர்ந்து பார்த்தார்.

"மீனாவா? வீடு வரைக்கும் எனக்கு ம் சொன்னது மீனா இல்ல தம்பி. அந்த நேரம் அவ ரோட்டுல உசுரோட கிடந்தா."

பரமேஸ்வரன் தேங்காயை ஓரமாக உருட்டிவிட்டார்.

"நான் வாங்கும்போதும் ஃபுட்ரெஸ்ட் கிடையாது. ஓட்டையெல்லாம் அடைச்சுத்தான் இருந்துச்சு. இவ உக்காரணுமேன்னு நான்தான் தேடி வாங்கி மாட்டுனேன்."

வித்தவர் ஏன் கழற்றினார், அவரிடம் கேட்கவில்லையா என்றான் பிரின்ஸ். கேட்டேன் என்றார் பரமேஸ்வரன்.

"தனியா ஓட்ட நல்ல வண்டின்னாரு."

பிரின்ஸுக்கு ஆத்திரம் வந்தது. தெரிந்துமா எனக்கு விற்றீர்கள் என்று சண்டைக்கே போய்விட்டான். பரமேஸ்வரன் கோபப்படவில்லை. கழட்டி அடைச்சுத்தான குடுத்தேன், தோண்டி மாட்டுனது நீங்கதான என்றார்.  கிளம்பும்போது அவர் பின்னாலேயே கேட் வரை வந்தார்.

"நீங்க அதுகிட்ட ஏதும் சொன்னீங்களா தம்பி? வா, இருன்னு ஏதும்..."

இல்லை என்று பிரின்ஸ் பொய் சொன்னான்.

வீட்டுக்கு வந்து வண்டியை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றினான். விற்கவில்லை. வாங்குகிறவனும் தன்னை மாதிரி ஒருத்தனாக இருந்தால்? ஃப்ரேமைக் கட்டரால் இரண்டாக அறுத்தான். எஞ்சினை உடைத்துக் காயலான் கடையில் உதிரியாகப் போட்டான். சாரி கார்டைச் சுத்தியலால் நசுக்கினான். சீட்டை எரித்தான். எல்லாம் முடிந்து சாக்கை மடித்தபோது ஒன்றும் மிஞ்சவில்லை. அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினான்.

இரண்டு மாதம் ஒன்றும் இல்லை. மாவுக்கட்டைப் பிரித்தார்கள். ஷாரோன் மறுபடி பஸ்ஸில் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தாள். செப்டம்பரில் ஒருநாள் மத்தியானம், சரக்கு எடுத்து வர அவசரமென்று பெஞ்சமினின் வண்டியை வாங்கிக்கொண்டு பிரின்ஸ் போனான். பெஞ்சமின் புதுசாக ஷோரூமில் எடுத்த வண்டி. தனியாகத்தான் போனான். போகும்போது வழியில் சாரல். வரும்போதும் சாரல். நனைந்துபோய்க் கடை வாசலில் நிறுத்தினான். சரக்குப் பை அவன் மடியில் இருந்தது. பெஞ்சமின் துணியை எடுத்துக்கொண்டு துடைக்க வந்தான். டேங்கைத் துடைத்தான். முன் சீட்டைத் துடைத்தான். கை நின்றது.

"யாரலே கூட்டிட்டு வந்த? இவ்வளவு நேரம் மழைல வந்துருக்க, பின் சீட்டு சுடுது."

ஷாரோன் இன்றைக்கும் பஸ்ஸில்தான் போய் வருகிறாள். சாயங்காலம் அவளைக் கூட்டி வர பிரின்ஸ் இலஞ்சிக்குப் போகிறான். பஸ் வந்ததும் அவளை ஏற்றிவிடுகிறான். உள்ளே அவளுக்குப் பக்கத்தில் இடம் இருந்தாலும் அவன் ஏறுவதில்லை. ஏன் என்று அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். அவள் போன பிறகு அடுத்த பஸ்ஸுக்கு நின்று, வாயைத் திறக்காமல் வீடு வந்து சேருகிறான்.